தடம் துடைக்கும் நேரம்

ஏழு வருஷம் கழித்து அந்த வருஷம்தான் அங்கே மழை ஒழுங்காகப் பெய்தது. ஒழுங்காக என்றால் நான்கே நாள். அந்தப் பாலைக்கு அதுவே அதிகம். மூன்றாவது வாரம் சரளை மேடெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது. நான் செவ்வாயும் வெள்ளியும் டவுனிலிருந்து விடுதிக்கு வேன் ஓட்டுகிறவன். கேஸ் சிலிண்டர், காய்கறி, முட்டை, ரொட்டி, வெளுத்த விரிப்புகள், இடமிருந்தால் ஆட்கள். பதினோரு வருஷமாக அந்த ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் காய்ந்தவன். பூவைக் கண்டதும் வேனை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நின்றேன். முட்டை வெயிலில் வேகிறதே என்ற நினைப்பு வந்த பிறகுதான் கிளம்பினேன்.

விடுதியில் எட்டு அறைகள். முதலாளி நகரத்தில் இருந்தார். மாதம் ஒரு தடவை வந்து குழாய்களைத் திருகிப் பார்த்துவிட்டுப் போவார். விருந்தாளிகள் வந்தது மூன்று விஷயத்துக்காக: மிருகம், பூ, அமைதி. மிருகமும் பூவும் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அமைதி மட்டும் எப்போதும் கைவசம் இருந்தது. அங்கே போன் எடுக்காது. முதலாளி அதற்கு மேலும் சட்டம் போட்டிருந்தார். ஹாரன் அடிக்கக்கூடாது, ஆளை ஆள் கூவிக் கூப்பிடக்கூடாது, சமையலறையில் பாத்திரம் உருளக்கூடாது. சத்தம் இல்லாமல் இருப்பதற்கு ஜனங்கள் இவ்வளவு தூரம் வருவார்கள் என்று எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் வேறு தொழில் பார்த்திருப்பேன்.

விடுதியை நடத்தியது ஒரு புருஷனும் பெண்சாதியும். அவர் தடம் பார்க்கிறவர். ஜீப் ஓட்டி, விருந்தாளிகளுக்கு மிருகம் காட்டுவார். அவள் சமையல், துணி, அறைகள் எல்லாம். அவளை நான் தங்கச்சி என்றும் அவரை மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவேன். அவள் கூடப்பிறந்த அண்ணன் ஒருவரும் அவர்களோடு இருந்தார். ரயில்வேயில் கேட் சாத்தி ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சியைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கட்டிக்கொடுத்து, எல்லாம் அவர்தான். கடைசியில் அவருக்கு நினைவு கழன்றுகொண்டு வந்தது. பெயர்கள் முதலில் போயின, அப்புறம் கிழமைகள். அஞ்சு மணி வண்டி மட்டும் போகவில்லை. சாயங்காலம் நாலரை ஆனால் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு, "வண்டி போயிடுச்சா?" என்று எதிரில் வருகிறவரைக் கேட்பார். போயிடுச்சு என்று சொல்லிவிட்டால் போதும், முகம் தெளிந்து உட்கார்ந்துவிடுவார். கேட்க ஆள் கிடைக்காத நாளில் கிளம்பி நடப்பார். எப்போதும் மேற்கே, டவுன் பக்கம். ரயில் ரோடு உண்மையிலேயே அந்தப் பக்கம்தான். கொஞ்ச தூரத்திலேயே மாப்பிள்ளை பிடித்துக் கூட்டி வந்துவிடுவார்.

மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடுதிக்குப் பின்னாலிருந்து வடக்கே பூ மேடு வரைக்கும் மூன்று கிலோமீட்டர் மணல் பாதை. பழைய ஓடை ஒன்று வறண்டு பாதையானது. அதன் இரண்டு பக்கமும் இறுகின சரளை. லாரி ஏறினாலும் அதில் அடையாளம் நிற்காது. ஊர்வது, நடப்பது, ஓடுவது எல்லாம் எப்படியும் அந்த மணலைக் கடந்தாக வேண்டும். விருந்தாளிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சூரியன் இறங்குவதைப் பார்க்கப் போவார். திரும்பி வரும்போது காய்ந்த முள்கிளைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய கட்டைச் சங்கிலியில் மாட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார். பகல் பூராவும் விழுந்த தடமெல்லாம் அழிந்து, பாதை துடைத்த பலகை மாதிரி ஆகிவிடும். விடிந்ததும் விருந்தாளிகளை நடத்திக் கூட்டிப்போய், ராத்திரி எழுதினதை வாசித்துக் காட்டுவார். இங்கே நரி வந்தது, இங்கே நின்றது, முயல் வாசனை பிடித்தது, இங்கேதான் ஓட்டம் எடுத்தது. நரியை நேரில் பார்த்தவர்களைவிடத் தடத்தைப் பார்த்தவர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

வாரத்தில் ஏழு நாளும் அந்தக் கட்டை இழுப்பார். காய்ச்சலோடு இழுத்ததையும் பார்த்திருக்கிறேன். துடைக்காத பாதை பழைய பேப்பர் என்பார்.

பூ பூத்த சேதி பரவியதும் எட்டு அறையும் நிரம்பி, முற்றத்தில் இரண்டு கூடாரமும் போட்டார்கள். தங்கச்சிக்கு நிற்க நேரமில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணனின் ரப்பர் செருப்பு வார் அறுந்தது. ஆறாம் நம்பர் அறையில் யாரோ விட்டுப்போன ஷூ ஜோடி ஒன்று இருந்தது. பழுப்பு நிறம், தடித்த அடி. அண்ணன் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்ததாம். தினமும் காலையில் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து அவளே கயிறு கட்டிவிடுவாள். நான் பார்த்து, "புது மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்கண்ணே" என்றேன். அவர் காலை நீட்டி நீட்டிப் பார்த்துச் சிரித்தார். இடது காலை அவர் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பார். எப்போதோ கேட் கம்பி விழுந்த கால்.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நாலரைக்கு நான் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தேன். வழியில் டயர் பஞ்சராகி, வெயிலில் தனியாக மாற்றி, கடுப்பில் வந்திருந்தேன். அண்ணன் வந்து நின்றார்.

"தம்பி, அஞ்சு மணி வண்டி போயிடுச்சா?"

போயிடுச்சுண்ணே, நீங்க டீ குடிங்க என்பதுதான் என் வழக்கமான பதில். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"இல்லண்ணே, வந்துக்கிட்டே இருக்கு. ஓடிப் போய் கேட்டைச் சாத்துங்க."

அவர் முகத்தில் வந்த பரபரப்பை நான் அப்போது வேடிக்கையாகத்தான் பார்த்தேன். "அப்படியா, சரி தம்பி" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அறைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் காலி சிலிண்டரை ஏற்றினேன். வேனை எடுத்தேன். போய்விட்டேன்.

மிச்சமெல்லாம் மறுநாள் மத்தியானம்தான் எனக்குத் தெரியும். ஜீப் டவுனுக்கு வந்து போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது. அண்ணன் அறையில் தூங்குகிறார் என்று தங்கச்சி நினைத்திருக்கிறாள். பதினெட்டுப் பேருக்கு சூப்பும் ரொட்டியும் பரிமாறி முடித்துவிட்டு, அவருக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போனபோது படுக்கை விரித்தபடி மடிப்புக் கலையாமல் இருந்திருக்கிறது. முதல் அரை மணி நேரம் சத்தம் போடாமலே தேடினாளாம். அறை அறையாக, ஜெனரேட்டர் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி என்று, அண்ணே அண்ணே என்று காதுக்குள் சொல்கிற மாதிரி. பதினோரு வருஷத்துப் பழக்கம், அண்ணன் காணாமல் போன நேரத்திலும் விடவில்லை. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அவள் சொன்ன போதெல்லாம் எனக்கு அந்த முதலாளியின் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரியே காற்று எழுந்து, மிச்சம் மீதி இருந்த தடத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. போலீஸ்காரர்கள், விருந்தாளிகளில் சிலர், நான், டவுனிலிருந்து என் கூட்டாளிகள், எல்லோருமாகத் தேடினோம். மேற்கே தேடினோம். எப்போதும் மேற்கேதானே போவார், மாப்பிள்ளையும் அந்தப் பக்கம்தான் கை காட்டினார். பூவை மிதித்துக்கொண்டு நடந்தோம். அத்தனை அழகான இடத்தில் அவ்வளவு பயத்தோடு நடந்தது என் ஆயுசில் அந்த இரண்டு நாள்தான்.

திங்கட்கிழமை காலை, தண்ணீர்க் குழாய் சோதிக்கிற ஆள் ஒருவர் கிழக்கே கண்டுபிடித்தார். விடுதியிலிருந்து நான்கு கிலோமீட்டர் இருக்கும். குழாயை ஒட்டிப் போகிற ரோட்டை ஒரு மான் தடம் குறுக்கே வெட்டிப்போகிற இடம். ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என்று இரண்டு காய்ந்த கிளைகளை இழுத்துக் குறுக்கே போட்டிருந்தார். கேட்டைச் சாத்தியிருந்தார். ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அதிகம் அவஸ்தைப்பட்டிருக்க மாட்டார் என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம் என்று அவர் சேர்த்துச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார்.

அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட மாப்பிள்ளையை என் வேனில் டவுனுக்குக் கூட்டிப்போய்த் திரும்பினேன். பாதி வழியில் என்னால் முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை நான் சொன்ன விளையாட்டுப் பேச்சை அவரிடம் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் அடிக்கவில்லை.

"நீங்க வாயால சொன்னீங்க. நான் கண்ணால பாத்துட்டுச் சும்மா இருந்தேண்ணே" என்றார்.

எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"மச்சான் தடத்தை. அஞ்சேகாலுக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறேன், பாதை ஆரம்பத்துலயே கிடக்குது. ஷூ அடிதான். ஆனா இடது கால் இழுப்பு அப்படியே இருக்குது. போயிருக்காரு, திரும்பி வந்த தடம் இல்ல. எங்க ஒதுங்கினாருன்னு பாத்துக்கிட்டே ஓட்டியிருந்தாப் போதும். பின்னாடி ஒருத்தர் நரியப் பத்தி ஏதோ கேட்டாரு. பதில் சொல்லிக்கிட்டே போயிட்டேன்."

"திரும்பி வர்றப்போ?"

"ஞாபகம் வந்துச்சு. இறங்கி டார்ச் அடிச்சுப் பாக்கணும்னு தோணுச்சு. ஜீப்புல இருந்தவங்க பசிக்குதுன்னாங்க. அந்த வாரத்துலயே அவரு கிளம்பிப் போனது மூணாவது தடவைண்ணே. முந்தின நாள் விடியக்காலம் ஒரு அறைக் கதவைத் தட்டி வண்டி போயிடுச்சான்னு கேட்டுட்டாரு, அவங்க முதலாளிக்கு எழுதிப் போட்டுட்டாங்க. எனக்கு எரிச்சல். இந்நேரம் தானா வந்திருப்பாருன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். கட்டை மாட்டினேன். இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

சரளையில் தடம் நிற்காது. அண்ணன் எந்த இடத்தில் மணலை விட்டுக் கிழக்கே இறங்கினார் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் அந்தப் பாதை. அதைத் துடைத்தவர், தடம் பார்த்துப் பிழைக்கிற மனுஷன். நான் என்ன சொல்லித் தேற்றுவது? சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வண்டியை எடுத்தேன்.

தங்கச்சியோ வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். ஷூவை. பழைய செருப்போடு போயிருந்தால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் தடம் என்று தெரிந்திருக்கும், விருந்தாளி ஷூவைப் போய் மாட்டிவிட்டேனே, எவனோ விருந்தாளி நடந்தான் என்று நினைத்துத்தானே அவர் துடைத்தார் என்பாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். உப்பு கேட்க வந்த விருந்தாளியிடம் சொன்னாள். போலீஸ்காரர்கள் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்த அந்த ஷூவை அவளே போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அளவு பெரிது. முன்னால் துணி அடைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். கழற்று என்று நான் சொன்னபோது, "கிடக்கட்டும்ணே. அவருக்கு மாட்டிவிட்டது நான்தானே" என்றாள்.

மாப்பிள்ளை அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். கொட்டகைக்குப் பின்னால் அவரைப் பிடித்து நிறுத்தி ஒரு தடவை கடுமையாகவே பேசினேன். அவள் சோறு தண்ணி இல்லாமல் உருகுகிறாள், செய்யாத தப்பைச் சுமக்கிறாள், நீ வாய் திறந்தால் அந்தப் பாரமாவது இறங்கும் என்றேன்.

"சொன்னா எங்கூட இருக்க மாட்டாண்ணே" என்றார். "நீங்க சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் வேனுக்குத் திரும்பி நடந்தேன்.

அண்ணன் போன ஐந்தாவது வாரம் பூ வாடத் தொடங்கியது. மஞ்சள் முதலில் போனது, ஊதா கொஞ்சம் தாக்குப் பிடித்தது. கடைசிக் கூட்டமாக ஒரு பத்துப் பேர் வந்திருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை என் வேன் ரேடியேட்டர் வெடித்துவிட்டதால் ராத்திரி விடுதியிலேயே படுத்தேன். புதன் காலையில் வேறு வேலை இல்லாமல் நானும் அவர்களோடு தடம் பார்க்க நடந்தேன். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை முன்னால் நடந்தார். இளவெயில் சாய்ந்து விழுந்து மணலில் ஒவ்வொரு கோடும் எடுப்பாகத் தெரிந்தது. வண்டு போன இடத்தைக் காட்டினார், தையல் போட்ட மாதிரி இருந்தது. பாம்பு போன இடத்தைக் காட்டினார். நரி ஒன்று பாதையிலேயே வெகுதூரம் வந்திருந்தது. அதற்கு ஒரு பாதத்தில் முள் குத்தியிருக்கிறது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். முன் வலது காலை மெதுவாக ஊன்றியிருக்கிறது, பாருங்கள் என்றார். மனுஷனுக்கு வேலையில் இருக்கும்போது எல்லாம் மறந்துவிடும். முகம்கூடக் கொஞ்சம் பழையபடி ஆகியிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

விருந்தாளிகளில் ஒரு பெண், பெரிய தொப்பி போட்டவர், நின்று குனிந்து பார்த்தார். ஷூ தடம் ஒன்று பாதையைக் குறுக்கே கடந்து, கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்திருந்தது.

"நம்ம ஆளுங்கள்ல யாரோ விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்க போல. இது யாரோட ஷூ?" என்றார்.

மாப்பிள்ளை பாதி குனிந்தார். ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.

"இது விருந்தாளி இல்லம்மா. எங்க வீட்டுக்காரி. விடியக்காலம் தொட்டித் தண்ணியப் பாக்க வந்திருக்கா. போறப்போ வலது கையில வாளி, திரும்பறப்போ இல்ல."

அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். ஆம்பளை ஷூ மாதிரியல்லவா இருக்கிறது என்றார்.

"ஷூ யாரோடதா இருந்தா என்னம்மா. எதைப் போட்டாலும் கால் அதே கால்தான். நம்ம வீட்டு ஆளு நடைய நாம எப்படித் தப்பா..."

அங்கே நின்றுவிட்டார்.

தங்கச்சி எங்களுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தாள். நடைக்குப் போகிறவர்களுக்குப் பாதி வழியில் டீ கொண்டுவந்து கொடுப்பது அவள் வழக்கம். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் கப் அடுக்கிய தட்டு. அவள் நடந்து வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மணல்.

தட்டு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவள் வந்து தட்டை ஒரு கல் மேல் வைத்தாள். ஒவ்வொருவருக்கும் டீ ஊற்றினாள். சர்க்கரை வேண்டாம் என்ற அம்மாளுக்குச் சர்க்கரை இல்லாமல் கொடுத்தாள். எனக்குக் கொடுத்தாள். கடைசிக் கப்பை அவருக்கு நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தட்டிலேயே வைத்தாள். பிறகு அந்தக் கல்லில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, ஷூ இரண்டையும் கழற்றி, உள்ளே அடைத்த துணியை எடுத்து உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஷூவை அவர் காலருகில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பி நடந்தாள். விருந்தாளிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. டீ நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

பகலெல்லாம் அவள் வேலையைப் பார்த்தாள். முட்டை வேகவைத்தாள், விரிப்பு மாற்றினாள், பாத்திரம் கழுவினாள். மத்தியானம் நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்கப் போனபோது மாப்பிள்ளை சமையலறை வாசலில் தலையைத் தொங்கப் போட்டு நின்றிருந்தார். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவள் ரொட்டி அறுத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு அண்ணன் தடத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"இத்தனை நாளா நான் ஷூவச் சொல்லிச் சொல்லி அழுதப்போ பக்கத்துலதானே இருந்தீங்க."

அவள் கத்தியை வைத்துவிட்டு அழுதாள். ஐந்து வாரமாக அழுததுபோல் இல்லை. வாய்விட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எட்டு அறைக்கும் கேட்டிருக்கும். யாரோ ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கேட்கட்டும் என்று நான் வாசலில் காவலுக்கு நிற்கிற மாதிரி நின்றேன். என் பங்கை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இன்றைக்கு வரைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். வேன் சரியாகிவிட்டால் என்னோடு டவுனுக்கு வந்துவிடுவாள் என்று பின் சீட்டில் கிடந்த சாக்குகளைக்கூட எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் அஞ்சேகாலுக்கு ஜீப் கிளம்பியது. மேட்டில் பார்க்க இனி பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பேர்தான் ஏறினார்கள். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பியபோது அவள் சமையலறையிலிருந்து முந்தானையில் கை துடைத்தபடி வெறுங்காலோடு வந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அந்த ஜீப்பில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

மேட்டிலிருந்து அவர்கள் திரும்பும்போது நான் பாதை முனையில் நின்றிருந்தேன். வழக்கமாகக் கால் மணியில் வந்துவிடும் ஜீப், அன்றைக்கு வர முக்கால் மணி ஆனது. நடக்கிற வேகத்தில் வந்தது. பின்னால் முள்கட்டு இழுபட்டது. அவள் முன்னால் குனிந்து, கையில் டார்ச்சைப் பிடித்து, மணலில் கிடந்த ஒவ்வொரு மனுஷத் தடத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். போனது எது, வந்தது எது என்று விரல் விட்டு எண்ணினாள். ஒரு தடம் போய்த் திரும்பாமல் இருந்தால் கையைத் தூக்குவாள், வண்டி நின்றுவிடும். பின்னால் இருக்கிறவர்களில் அது யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மறுபடி நகரும். பின்னால் யாரோ பசிக்கிறது என்றார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவரோடுதான் இன்னும் இருக்கிறாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பூ அதற்குப் பிறகு பூக்கவில்லை. விருந்தாளிகள் குறைந்துவிட்டார்கள், சில நாள் ஒருவர்கூட இருப்பதில்லை. ஆள் இல்லாத நாளிலும் சாயங்காலம் ஜீப் கிளம்பும், அவள் முன் சீட்டில் இருப்பாள். பாதை முழுக்க நரியும் முயலும் தவிர வேறு தடமே இருக்காது. இருந்தாலும் அவள் ஒவ்வொரு இடத்தையும் பார்த்து முடித்து, "ம், போலாம்" என்று சொல்கிற வரைக்கும் அவர் கட்டை இழுப்பதில்லை.